ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து: மனத்துக்கான வழிமுறைகள்

புற்றுநோய் என்று தெரிந்ததும் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மருத்துவர் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து மனம் எங்கெங்கோ ஓடும்போது என்ன செய்வது என்று யாரும் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. இந்த அத்தியாயம் அதற்கானது. ரிப்போர்ட் கைக்கு வந்த நாள் முதல், சிகிச்சை முடிந்து பரிசோதனைக்குப் போய்வரும் காலம் வரை வரிசையாகக் கொடுத்திருக்கிறோம். முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்.

முதலில் இறக்கி வைக்க வேண்டிய மூன்று சுமைகள்

நோயின் பாரம் போதாதென்று ஊரார் சொல்லும் மூன்று பேச்சுகள் கூடவே வந்து ஏறிக்கொள்ளும். அவற்றை இப்போதே இறக்கி வையுங்கள்.

1. "கவலைப்பட்டு கவலைப்பட்டுத்தான் உனக்கு இது வந்தது." மனக்கவலைதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உயிரணுவின் மரபுப் பொருளில் ஏற்படும் மாற்றங்களால் வரும் நோய் இது. பாவமோ சாபமோ காரணமில்லை.

2. "கிட்ட போகாதே, ஒட்டிக்கும்." புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். கீமோ போட்ட ஓரிரு நாள் கழிப்பறைச் சுத்தத்திலும், ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல், சளி உள்ளவர்களிடமிருந்து விலகி இருப்பதிலும் கவனம் தேவை. சில வகைக் கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகு மட்டும் சில நாள் தள்ளியிருக்கச் சொல்வார்கள். அப்படியானால் மருத்துவரே கூறுவார்.

3. "பாசிட்டிவா இருந்தாத்தான் குணமாகும்." இதுதான் மூன்றிலும் கனமானது. அழுகை வரும்போதெல்லாம், நோயை நாமே வளர்க்கிறோமோ என்ற குற்ற உணர்ச்சியையும் இது சேர்த்துக் கொண்டுவரும். புற்றுநோயாளிகளின் மனநலத்தைத் தனியொரு மருத்துவத் துறையாக வளர்த்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட், இந்த வற்புறுத்தலே நோயாளிக்குக் கொடுமையாகிவிடுகிறது என்று எச்சரித்தார். உங்கள் வேலை இரண்டுதான்: சிகிச்சையைத் தேதி தவறாமல் தொடர்வது, முடியாதபோது உதவி கேட்பது. முகத்தில் சிரிப்போடு இருப்பது அதில் சேராது.

முதல் வாரம்: செய்ய வேண்டியவை, வரிசையாக

முதல் சில நாள் காதில் விழுவது மனத்தில் நிற்காது. பசி இருக்காது. சிலருக்கு ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போகும். இவை எல்லாமே இயல்பு. அந்த நிலையில் பெரிய முடிவு எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

1. "சிகிச்சையை எத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலான கட்டிகளுக்கு யோசிக்கச் சில நாள் அவகாசம் இருக்கும். கடுமையான ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கு உடனே சேர வேண்டியிருக்கும். பதில் தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

2. மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். பதறாமல் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதிகம் நேசிப்பவர் அதிகம் பதறுவார். அவரைவிட அக்கா மகனோ அலுவலக நண்பரோ பொருத்தமாக இருக்கலாம்.

3. ஐந்து கேள்விகளை முன்னாலேயே தாளில் எழுதுங்கள்: எந்த வகை? எந்த ஸ்டேஜ்? சிகிச்சையின் நோக்கம் முழுக் குணமா, கட்டுக்குள் வைப்பதா? எத்தனை மாதம்? இரவில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது? அனுமதி கேட்டுப் பதிலை செல்போனில் பதிவு செய்யலாம்.

4. ஒரே ஒரு ஃபைல் வையுங்கள். பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கட்டும். ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். காகிதத்தைத் தேடி அலைவது குறைந்தால் எரிச்சலும் குறையும்.

5. இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். பயாப்சி ஸ்லைடுகளையும் பிளாக்கையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிப் போகலாம்.

6. பணத்தைப் பற்றி முதல் வாரத்திலேயே பேசுங்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் நோயைப் பற்றிய பயத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல செலவைப் பற்றிய பயம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இருக்கிறதா, உங்கள் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம்.

குறிப்பு: இணையத்தில் தேடுவதற்கு எல்லை போடுங்கள். "எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்கள்" என்று தேடாதீர்கள். அங்கே வருவது பல ஆயிரம் பேரின் சராசரி. உங்கள் வயது, கட்டியின் வகை, அதற்கு இன்று இருக்கும் மருந்து எதுவும் அந்தக் கணக்குக்குத் தெரியாது. பகலில் அரை மணி நேரம், கூட ஒருவர் இருக்கும்போது மட்டும் தேடுங்கள். படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

யாரிடம், எப்படிச் சொல்வது

1. முதலில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்: உடன் வர ஒருவர், பணம், காகித வேலைகளுக்கு ஒருவர், மனம் விட்டுப் பேச ஒருவர். மூன்றையும் ஒரே ஆள் மீது ஏற்றினால் அவர் சீக்கிரம் களைத்துவிடுவார்.

2. மற்ற உறவினருக்குத் தகவல் சொல்ல ஒருவரை நியமியுங்கள். "அண்ணன்கிட்ட கேட்டுக்கோங்க, நான் கொஞ்சம் படுக்கணும்" என்ற ஒரு வரி போதும். ஒரே கதையை நாற்பது முறை சொல்லும் வேலை மிச்சம்.

3. குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். வீட்டில் குசுகுசுவென்று பேசுவதை அவர்கள் எப்படியும் கவனிப்பார்கள். தாங்களே ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நோயின் பெயர், அது அவர்களால் வரவில்லை, அவர்களுக்கு ஒட்டாது, பள்ளிக்கு யார் கூட்டிப் போவார்கள்: இந்த நான்கையும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு மார்புல கட்டி வந்திருக்கு. அதுக்குப் பேரு புற்றுநோய். மருந்து போடும்போது முடி கொட்டும், சோர்வா இருப்பேன். உன்னால வந்தது இல்ல, உனக்கு ஒட்டவும் ஒட்டாது. காலையில தாத்தா உன்னை ஸ்கூல்ல விடுவார்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். "செத்துப் போயிடுவியா?" என்று கேட்டால், "அப்படி ஆகாம இருக்கத்தான் வைத்தியம் பாக்குறோம். புதுசா ஏதாவது தெரிஞ்சா உன்கிட்ட சொல்வேன்" என்று சொல்லலாம். காப்பாற்ற முடியாத வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

4. அலுவலகத்தில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். விடுப்புக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"

நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. அன்பினால் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்தது நிலைப்பதில்லை. மருத்துவமனையின் பெயர்ப் பலகை, வார்டின் பெயர், பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சு, ஏதோ ஒன்று சொல்லிவிடும். அதன்பின் நோயாளியும் தெரியாததுபோல நடிப்பார், குடும்பமும் நடிக்கும். பயத்தைப் பேச இருவருக்கும் ஆள் இருக்காது.

இதைச் செய்யுங்கள்: "உங்க ரிப்போர்ட்டைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சிக்க விரும்புறீங்கப்பா?" என்று அவரையே கேளுங்கள். "எல்லாம் சொல்லு" என்றால் மருத்துவர் முன்னிலையில் சொல்லுங்கள். "நீயே பாத்துக்கோ" என்றால் அதையும் மதியுங்கள். பிறகு கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள். தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வதும், வேண்டாம் என்று விடுவதும் அவரது உரிமை.

கீமோ, கரண்டு நாள்கள்

பல கீமோ மருந்துகளை 21 நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை தருவதும் உண்டு. கரண்டு வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள். உடம்பு தளரும் நாள்களும் மனம் இறங்கும் நாள்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் வரும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டத்தின் முக்கிய வேலை.

1. தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு எண் எழுதுங்கள். மனக்கஷ்டம் துளியும் இல்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 10. பல நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் பயன்படும் அளவுகோல் இது. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்ல வேண்டும்.

2. இரண்டு சுற்று முடிந்ததும் காலண்டரைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை எண் ஏறுகிறது என்றால், அடுத்த முறை அந்த நாள்களில் விருந்தினர் வேண்டாம், சண்டை வரக்கூடிய பேச்சு வேண்டாம், சமையலுக்கு ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

3. மருந்தின் வேலையையும் மனத்தின் வேலையையும் பிரித்துப் பாருங்கள். வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்க டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். நிறுத்தியதும் சோர்வு தட்டும். காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. மருத்துவமனை வாசலை மிதித்ததுமே குமட்டுகிறதா? சில சுற்றுகளுக்குப் பிறகு பலருக்கு அப்படி ஆகும். மனபலம் குறைந்ததாக அர்த்தமில்லை. உடம்பு மருத்துவமனை வாசனையை வாந்தியோடு சேர்த்துப் பழகிவிட்டது, அவ்வளவுதான். முதல் சுற்றிலிருந்தே வாந்தியைச் சரியாகக் கட்டுப்படுத்தினால் இது வருவது குறையும். சொல்லுங்கள், மருந்து மாற்றித் தருவார்கள்.

5. முடிக்குத் தயாராகுங்கள். எல்லாக் கீமோவிலும் முடி கொட்டாது. உங்கள் மருந்தில் கொட்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். கொட்டும் என்றால் முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட முன்னாலேயே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு எளிதாக இருக்கிறது. மொட்டை போடுவதானால் சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் பயன்படுத்துங்கள்; ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது சிறு கீறலும் தொற்றுக்கு வழி. பூ வைக்க முடியவில்லையே என்று அழுகை வந்தால் அழுங்கள். உயிர் பெரிதா முடி பெரிதா என்று யாரும் உபதேசிக்க அனுமதிக்காதீர்கள். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி திரும்ப வளரும்.

எச்சரிக்கை: கீமோ காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே மருத்துவமனையை அழைத்துக் கிளம்புங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும் மருத்துவமனையின் எண்ணும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் ராத்திரிப் பயம் பெருமளவு குறையும்.

பதற்றம் ஏறும்போது: மூன்று பயிற்சிகள்

மூச்சு (5 நிமிடம்)
1. சாய்ந்து உட்காருங்கள். தோள்களைத் தளர்த்துங்கள்.
2. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள்.
3. ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள்.
4. தலை சுற்றினால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் எண்ணிக்கைக்காகச் சிரமப்பட வேண்டாம்.

கவலைக்கு ஒரு நேரம் (20 நிமிடம்)
1. மாலையில் ஒரு நேரம் குறியுங்கள். தூங்கப் போகும் நேரமாக அது இருக்கக் கூடாது.
2. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: என்னால் ஏதாவது செய்யக்கூடியது, என் கையில் இல்லாதது.
3. முதல் பத்தியில் ஒன்றை எடுத்து நாளைக்கு என்ன செய்வது என்று ஒரு வரி எழுதுங்கள்.
4. நோட்டை மூடுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லித் தள்ளிவையுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால்தான் பழகும்.

சின்ன வேலை (தினமும் ஒன்று)
செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கீரை ஆய்வது, தெருமுனைவரை நடப்பது: உடம்பு அனுமதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிகிச்சைக் களைப்புக்கு முழு நாள் படுக்கையைவிட மிதமான நடை நல்லது. தடுக்க வேண்டிய காரணம் ஏதும் உண்டா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்

கீழே உள்ளவற்றில் முதல் இரண்டில் ஒன்றாவது, மற்றவற்றில் சிலவும் சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

- விடாத சோகம்
- எதிலும் விருப்பமின்மை
- தூக்கம் அறவே கெடுதல், அல்லது எந்நேரமும் தூக்கம்
- குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம்
- சிகிச்சைக்கு வர மறுத்தல்
- சாவைப் பற்றியே நினைப்பு

போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

1. ரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, அடங்காத வலி, சில மருந்துகள் ஆகியவையும் இதே சோர்வைத் தரும். முதலில் அவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

2. வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலி இருக்கும்வரை மனம் தேறாது. வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளில்லை. குணமாகக்கூடிய நோயாளிக்கும் அது உண்டு.

3. நீங்கள் போட்டுக்கொள்ளும் எல்லா மருந்தையும் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்சிட்டின், ஃப்ளூவாக்சிட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். ஒத்துப்போகும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

4. மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று விடுவதும், தேறியதும் சட்டென்று நிறுத்துவதும் தவறு.

எங்கே போவது? சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற பெரிய மையங்களில் புற்றுநோயாளிகளுக்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

எச்சரிக்கை: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416 எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீட்டார் அவரைத் தனியே விடக் கூடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்தே அப்புறப்படுத்த வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

- அடுத்த கட்டில்காரரோடு ஒப்பிடுவது. ஒரே உறுப்பில் வந்தாலும் வகை வேறு, மருந்து வேறு, பலன் வேறு.
- மூன்று சுற்றில் கட்டி கரைந்துவிட்டது என்று மீதியை விடுவது. கண்ணுக்குத் தெரியாத அணுக்களுக்காகத்தான் மீதிச் சுற்றுகள்.
- மருத்துவரிடம் சொல்லாமல் நாட்டு மருந்து, லேகியம், பொடி சேர்ப்பது. சில பொருள்கள் கல்லீரலைக் கெடுக்கும், சில கீமோவோடு மோதும். நம்பிக்கை இருந்தால் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.
- பால், சர்க்கரை, முட்டை, கறி என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது. எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலுவும் குறையும். மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.
- தூக்கத்துக்காக மது, அல்லது பிறருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை.

உடனிருப்பவருக்கு

1. "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதைவிட "நான் கூட இருக்கேன், இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.
2. அவர் அழும்போது பேச்சை மாற்றாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.
3. நலம் விசாரிக்க வருபவர்களுக்கு நேரம் வையுங்கள். செத்துப்போனவர்களின் கதையைத் தொடங்குபவரை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.
4. முறை போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு ராத்திரியாவது நீங்கள் வேறிடத்தில் முழுத் தூக்கம் தூங்க வேண்டும். உங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் மறக்காதீர்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு

எல்லாரும் இனிப்பு கொடுத்துக் கொண்டாடும்போது உங்களுக்கு மட்டும் வெறுமையாக இருக்கலாம். அதுவரை வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரும் செவிலியரும் சட்டென்று இல்லாமல் போகிறார்கள். ஒதுக்கி வைத்த பயமெல்லாம் அப்போதுதான் மேலே வருகிறது.

1. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், எதற்கு அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தலைவலியும் நோய் திரும்பியதுபோலத் தோன்றும்.
2. ஸ்கேனுக்கு முந்திய வாரம் பதற்றம் கூடும் என்று எதிர்பாருங்கள். முடிவு எப்போது, யார் சொல்வார்கள் என்று கேட்டு வையுங்கள். அந்த நாள்களைச் சின்னச் சின்ன வேலைகளால் நிரப்புங்கள்.
3. களைப்பு மாதக்கணக்கில் இருக்கலாம். வேலைக்குத் திரும்புவதானால் முடிந்தால் அரை நாளாகத் தொடங்குங்கள்.
4. நன்றாக இருக்கிறோமே என்று பரிசோதனையை விடாதீர்கள். பயத்தினால் விடுபவர்களும் உண்டு; அப்போது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

இன்று ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: நீங்கள் மனம் விட்டுப் பேசக்கூடிய ஒருவரின் பெயரைத் தாளில் எழுதி, இரவுக்குள் அவரை அழைத்துப் பேசுங்கள். மற்றபடி அடுத்த தேதிக்குத் தவறாமல் போய்விடுங்கள். அழுதுகொண்டு போனாலும் பரவாயில்லை. மருந்து அதே வேலையைத்தான் செய்யும்.